மூன்று தட்டல் தூரம்

பெரும்பாலானவர்கள் தங்கள் கட்டைவிரலை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். சற்று முன்பு மேசைமேல் இருக்கும் அந்த ஒலிப்பதிவுக் கருவியை இயக்க நீங்கள் படாதபாடு பட்டதைக் கவனித்தேன். தப்பு உங்கள் மேல் இல்லை, பொத்தானைக் கொண்டுபோய் அந்த ஓரத்தில் வைத்தவன் மேல். ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு மனிதன் விழிக்கிறான் என்றால் குற்றவாளி அதை வடிவமைத்தவன்தான். பதினாறு வருடமாக இதைக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன், கல்லூரிகளில் கூப்பிட்டு மாலை போட்டபோதும் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன வாக்கியமே ஒருநாள் என் சட்டையைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு, அன்று மாலையே இறந்துபோன என் அக்கா கணவரின் கையடக்கக் கருவியில், 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தியது யார்? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்குத் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும். அதனால் முறைப்படி சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் ஒரு சின்னக் கையடக்கக் கணினி செய்கிறது. அளவையும் வழுவழுப்பையும் பார்த்து நாங்கள் அதைச் சோப்புக்கட்டி என்போம். விற்பனைப் பிரிவினர் மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்து அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய போனைக் கண்டால் மிரளுகிறவர்கள், வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் இதை வாங்குவார்கள். மாத்திரை நேரம், நடைக் கணக்கு, ஊசிக் கணக்கு என்று அதில் சின்னச் சின்னச் செயலிகள் ஓடும். செயலிகளை எடுத்துக்கொள்ள உள்ளேயே ஒரு கடை உண்டு. அந்தக் கடையின் முகத்தை வடிவமைத்தவன் நான்.

முன்பக்கத்தில் நாலே நாலு கட்டம். மேலே இரண்டு, கீழே இரண்டு. சுற்றிலும் வெள்ளை. அந்தத் திரை நாலு விரல் அகலம்தான், அதில் ஐந்தாவதாக எதை வைத்தாலும் சந்தையாகிவிடும். ஐந்தாவது கட்டம் கேட்டு வராத ஆளில்லை. விளம்பரத்துக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று, நிறுவனத் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒன்று என்று வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் அனுப்பிவைத்தேன். ஆறு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கொள்ளாமல் செய்த பக்கம் அது. அதைத் திறந்து பார்த்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதையும் நான் அவ்வளவு நேசித்ததில்லை.

சோப்புக்கட்டியின் பேட்டரி சின்னது. அதனால் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது. திருத்திய பதிப்பு வந்தால் ஆள்தான் தட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தேன். வலது மேல் மூலையில் ஒரு மெல்லிய மணிச் சின்னம், வெள்ளைமேல் வெளிர்சாம்பல். அதைத் தட்டினால் பட்டியல் வரும். பட்டியலில் செயலியைத் தட்டினால் 'புதுப்பி' வரும். அதையும் தட்டினால் முடிந்தது. மொத்தமே மூன்று தட்டல் தூரம்.

எங்கள் சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தடங்கல். எந்த வேலையும் அவள் மேசையைத் தாண்டிச் சுலபத்தில் போகாது. அவள் ஏழு பேரை அழைத்துவந்து, ஒவ்வொருவர் கையிலும் சோப்புக்கட்டியைக் கொடுத்து, புதுப்பிக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"சார், ஏழு பேர்ல ஆறு பேர் கண்டுபிடிக்கல."

"ஏழாவது ஆள்?"

"கை பட்டுத் திறந்திடுச்சு. அவரே பயந்துபோய் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

ஏழில் ஒருவர் என்றால் தொடக்கத்துக்கு மோசமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இது நடந்து ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஊசிக் கணக்குச் செயலியை எழுதியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்துவது. இரத்தச் சர்க்கரையையும் சாப்பிடப் போவதையும் சொன்னால், எத்தனை யூனிட் இன்சுலின் போடவேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும். நாலு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டால், முன்பு போட்டதில் உடம்பில் மிச்சமிருப்பதைக் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும். கடைசியாக வந்த பதிப்பில் யாரோ ஒரு புண்ணியவான் கழித்தலுக்குப் பதில் கூட்டலைப் போட்டுவிட்டான். முன்பு போட்டதை முழுசாகச் சேர்த்துச் சொல்லும். திருத்திய பதிப்பை உடனே அனுப்பிவிட்டார்கள். கடையின் முன்பக்கத்தில் சிவப்புப் பட்டை ஒன்று போட்டு, எல்லாரையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

சிவப்புப் பட்டை. என் நாலு கட்டத்துக்கு மேலே.

வெள்ளிக்கிழமை கூட்டம். எங்கள் மேலாளரை நாங்கள் நடுநிலை என்போம். இருபது வருட உத்தியோகத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் இவ்வளவு உயரம் வளர்ந்தவர். தடங்கல் பட்டை வேண்டும் என்றாள். மூன்று தட்டலில் கிடைக்கும்போது பட்டை எதற்கு, இன்றைக்கு ஒரு செயலிக்குப் போட்டால் நாளைக்கு நாற்பது செயலிக்காரர்கள் வந்து நிற்பார்கள் என்றேன் நான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார் நடுநிலை. அவள் கடிதத்தை அவர் முன்னால் தள்ளினாள். ஆள் செத்துடும் சார் என்றாள். நடுநிலை கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். சாதாரண ஆள் ஒருவர், யார் உதவியும் இல்லாமல், சொந்த வீட்டில் உட்கார்ந்து அந்தப் புதுப்பிப்பைக் கண்டுபிடித்தால் பட்டை தேவையில்லை. முடியாவிட்டால் திங்கட்கிழமை காலை பட்டை. சோதனையை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது, அனுபவசாலி என்று என்னைக் காட்டினார். அதற்கு நான் பொறுப்பில்லை.

அத்தானைத் தேர்ந்தெடுத்ததில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. எனக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தொழில் அவருக்கு. சாலையோரத்தில் இருக்கும் ஒரு பலகையையும் விடாமல் படிக்கிற மனிதர். பதினைந்து வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறார். சோப்புக்கட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஊசிக் கணக்கையும், அதன் கடைசிப் பதிப்பு வரைக்கும், நானே ஏற்றிக் கொடுத்தேன். எங்கே போனாலும் அதை எடுத்துக்காட்டி, என் மச்சான் செஞ்சது என்பார். இவர் கண்டுபிடிக்காவிட்டால் வேறு யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமையே அவருக்குப் போன் பண்ணி எச்சரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். அந்தச் செயலியைப் பதினோராயிரம் பேர் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வது என்ன நியாயம்? நான் அப்படி ஆள் பார்த்து நடந்துகொள்கிறவன் இல்லை.

ஞாயிறு மதியம் இரண்டரைக்குப் போனேன். சாப்பாடு முடிந்திருந்தது. ஒரு மணிக்குப் பத்து யூனிட் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். அக்கா முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜில் ஒரு கேக் இருக்கிறது, அத்தானிடம் பாடம் படித்து உரிமம் வாங்கிய பெண் கொண்டுவந்து கொடுத்தது, அதைக் கண்ணில் காட்டாதே, மதியம்தான் ஊசி போட்டிருக்கார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கேக்கை எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஊசிக் கணக்கை அவர் திறந்தால்தானே புதுப்பிப்பைத் தேடும் எண்ணம் வரும். சூழ்நிலை இயல்பாக அமையாத சோதனை சோதனையே இல்லை. பெரிய துண்டாக வெட்டவில்லை, நடுத்தரம்தான். அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் காலி என்று சொல்லிக்கொண்டே ரசித்துச் சாப்பிட்டார்.

பிறகு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு விதியைச் சொன்னேன். சோப்புக்கட்டியில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எங்கே என்று அவராகக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பேச மாட்டேன், காட்ட மாட்டேன், முகத்தைக்கூட மாற்ற மாட்டேன். அவருக்கு ஒரே குஷி. வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பரீட்சை வைத்த மனிதருக்கு முதல்முறையாக யாரோ பரீட்சை வைக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தொழிலில் இது வேதம் மாதிரி. பயனர் தடுமாறும்போது உதவக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அத்தானால் அது முடியாது. அவருடைய பயிற்சிக் காரில் அவர் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். மாணவர் பயப்படுவதற்கு முன்பே இவர் மிதித்துவிடுவார். அப்படிச் செய்தால் ஆள் எங்கே தவறுகிறான் என்று எப்படித் தெரியவரும் என்று நான் அவரிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

முதலில் கேக்குக்குக் கணக்குப் பார்த்துவிடுகிறேன் என்று விரலைக் குத்திப் பார்த்தார். வந்த எண்ணைச் செயலியில் போட்டார். கேக் ஒரு துண்டு என்று போட்டார். கேக்குக்கு நாலு யூனிட், மதியத்தின் மிச்சத்தைக் கழித்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. திரை பதினாலு என்றது.

அவர் நெற்றி சுருங்கியது. எனக்கும் பேனா ஓடவில்லை, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"என்ன மாப்ள இது, பதினாலுங்குது. சரியாத்தான் சொல்லுதா?"

பயனர் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கும் எங்களிடம் ஒரு வாக்கியம் உண்டு. உலகம் முழுக்க அதே வாக்கியம்தான். அதைத்தான் சொன்னேன்.

"நான் இங்க இல்லேன்னா என்ன செய்வீங்க அத்தான்?"

யோசித்துப் பார்த்தார். "நீ இல்லேன்னாலும் நீ செஞ்சதுதானே. நம்பிப் போட்டுக்குவேன்."

போட்டுக்கொண்டார். மூன்று இருபத்து நாலு என்று நோட்டில் குறித்தேன். மணிச் சின்னத்தை அவர் பார்க்கவே இல்லை என்றும் குறித்தேன்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். நாலு கட்டத்தையும் மாற்றி மாற்றித் தட்டினார். அழகா இருக்கு மாப்ள, ஆனா ஒண்ணும் புரியல என்றார். ஒருமுறை விரல் மணிக்கு அரை விரல்கடை தள்ளிப் போய்த் திரும்பியது. இருபது நிமிடம் போனதும் நெற்றியில் வேர்த்தது. விரல் நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்குகிறவர்களுக்கு மணிச் சின்னம் சிறிதாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். உபயோகமான குறிப்பு. அடுத்த பதிப்பில் நிச்சயம் கவனிப்பேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

"தலை ஒரு மாதிரி கிறுகிறுங்குது. சக்கரை இறங்குது போல."

அதையும் குறித்துக்கொண்டேன். அடுப்படி எட்டே அடி தூரம்தான். சர்க்கரை டப்பா மேடைமேல் கண்ணெதிரே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி மடங்கி மறுபடி சோபாவில் உட்கார்ந்தார்.

"சரி இரு, இதைக் கண்டுபிடிச்சிட்டு எடுத்துக்கறேன்."

அவராகச் சொன்னதுதான் இது. நோட்டில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

நாலேகாலுக்கு நான் பேருந்தில் இருந்தேன். அங்கிருந்தே நடுநிலைக்கு அறிக்கை அனுப்பினேன். பயனர் சொந்த வீட்டில் புதுப்பிப்பைக் கண்டுபிடித்தார். உதவி: எதுவுமில்லை. நடுநிலை ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினார். முன்பக்கம் பிழைத்தது.

அக்கா ஐந்து மணிக்கு வந்திருக்கிறாள். சோபாவில் தூங்குகிறார் என்று நினைத்து, ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்திருக்கிறாள். புதிதாக வெட்டிய முடியை அவர் எழுந்ததும் காட்ட வேண்டும் என்று காத்திருந்தாளாம். ஏழு மணிக்கு எழுப்பினாள். எனக்குப் போன் வந்தபோது முதலில் அவள் பேசுவதே புரியவில்லை. ஓடினேன். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போகும்போது நல்லாத்தானே இருந்தாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு என்றேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை பட்டை வரவில்லை. புதன்கிழமை வந்தது. இடையில் வேறு இரண்டு வீடுகளில் நடந்ததைப் பற்றித் தனியாகக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வீடுகளுக்கு நான் போனதே இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோப்புக்கட்டி ஒவ்வொரு தட்டலையும் நேரத்தோடு உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும். தடங்கல் அதையெல்லாம் எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நடுநடுங்கிய விரலில் முப்பத்தொரு தவறான தட்டல், அப்புறம் இரண்டே நொடியில் மூன்று சரியான தட்டல். அந்த வேகத்தில் அந்தப் பொத்தான்களைத் தட்டுகிற விரல் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று அவள் சொன்னாளாம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆமாம், நான்தான் அழுத்தினேன். அவர் தலை சாய்ந்துவிட்டது, கருவி மடியில் நழுவிக் கிடந்தது. எடுத்து, மணி, பட்டியல், புதுப்பி என்று மூன்று தட்டுத் தட்டினேன். சோதனை ஒரு முடிவுக்கு வர வேண்டாமா?

புதிய பதிப்பு உடனே கணக்கைத் திருத்திப் போட்டது. இரண்டரை மணி நேரத்தில் இருபத்து நாலு யூனிட், ஆபத்து, உடனே இனிப்புக் கொடுக்கவும், ஆம்புலன்சை அழைக்கவும், தனியாக விடவேண்டாம் என்று திரை முழுக்க எழுத்து வந்தது. முழுவதையும் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. அடியில் 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தட்டியதும் எழுத்தெல்லாம் போய் என் நாலு கட்டம் பழையபடி பளிச்சென்று வந்துவிட்டது. டப்பாவைப் பார்த்தேன். இப்போது இவருக்குச் சர்க்கரை கொடுத்து எழுப்பினால், தடங்கல் போன் பண்ணிச் சரிபார்க்கும்போது நடந்ததை அப்படியே சொல்லிவிடுவார் என்று தோன்றியது. ஒளிவுமறைவு தெரியாத மனிதர் அவர். நோட்டை மூடினேன்.

அப்போது கண்ணைப் பாதி திறந்தார். நாக்குக் குழறியது.

"மாப்ள... கண்டுபிடிச்சிட்டேனா?"

"கண்டுபிடிச்சிட்டீங்க அத்தான்."

பரீட்சையில் தேறிய மாதிரி அப்படியொரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் கண்ணை மூடினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். அக்கா இப்போது என் போனை எடுப்பதில்லை. கடைசியாக அவர் மனசு நிறையும்படி ஒரு வார்த்தை சொன்னவன் நான்தான் என்பதை நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.